மொட்டை மாடியில் கட்டைக் கோபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன காணும் பொங்கலுக்கு எங்கள் காட்பாடி வீட்டு மொட்டை மாடியில் ஒரு கட்டைக் கோபுரம் நின்றது. 54 மரக்கட்டைகள், 18 அடுக்கு. ஆளுக்கு ஒரு கட்டையாகக் கீழேயிருந்து உருவி மேலே வைக்க வேண்டும். யார் கை பட்டுச் சாய்கிறதோ அவர் தோற்றார். எருது விடும் விழா பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் சாப்பாட்டைக்கூட மறந்து அதைச் சுற்றியே நின்றார்கள். அன்றிலிருந்து ஃபோன் ஓயவில்லை. மரம் எங்கே, அளவு என்ன, எங்களுக்கும் ஒன்று செய்து தருவாயா என்று ஆளுக்கொரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன். நான் தச்சன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மரவேலைக்காரன். இதுவரை மூன்று செட் செய்திருக்கிறேன். அதில் முதல் செட் வெந்நீர் அடுப்புக்குப் போனது.

இது கடையில் விற்கும் ஜெங்காதானே? நீயே கண்டுபிடித்த மாதிரி அளக்கிறாயே?

அண்ணன் கேட்டது. அதேதான், இல்லை என்று யார் சொன்னது? லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி 1983இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய விளையாட்டு அது. ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர். கானா நாட்டில் இருந்தபோது அறுவை மில்லில் கிடைத்த மரத்துண்டுகளை அடுக்கி வீட்டில் எல்லோரும் விளையாடியதுதான் இதன் ஆரம்பம். ஸ்வாஹிலி மொழியில் ‘ஜெங்கா’ என்றால் ‘கட்டு’ என்று அர்த்தம். ஆக, மர மில்லில் பிறந்த விளையாட்டை மறுபடி மரக் கடையிலிருந்து வாங்கிச் செய்கிறோம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் ‘கட்டைக் கோபுரம்’ என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு கட்டை என்ன அளவு இருக்க வேண்டும்?

9 அங்குல நீளம், 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. மூன்று கட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சதுரம் வர வேண்டும். அப்போதுதான் அடுத்த அடுக்கைக் குறுக்கே வைக்கும்போது ஓரம் ஓரத்தோடு சேரும்.

பெட்டியில் வரும் சின்ன ஜெங்காவின் கட்டை 7.5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. கனம். அந்தக் கோபுரம் 27 செ.மீ. உயரம். நம்முடையது 18 அடுக்குக்கு 27 அங்குலம், அதாவது இரண்டேகால் அடி. “இவ்வளவுதானா?” என்று நினைக்க வேண்டாம். ஆட ஆட உயரும். 30 அடுக்கு வந்தால் மூன்றே முக்கால் அடி, தரையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றுதான் வைக்க வேண்டும்.

மரக் கடையில் எப்படிக் கேட்பது? போய் நின்றால் முழிக்க வேண்டியிருக்கிறது.

கன அடிக் கணக்கில்தான் பேசுவார்கள். பயப்பட வேண்டாம். “மூணுக்கு ஒன்றரை ரீப்பர், 7 அடி நீளத்தில் 7 உருப்படி” என்று கேளுங்கள். ரீப்பர் என்றால் நீளமாக அறுத்த மரச் சட்டம். 7 அடி என்பது 84 அங்குலம். ஒன்பது கட்டைக்கு 81 அங்குலம் போக, எல்லா அறுப்பிலும் சேர்த்து ரம்பம் தின்கிற தூளுக்கு ஓர் அங்குலம் கொஞ்சம் மேலே. ஆக ஒரு ரீப்பரில் 9 கட்டை, ஆறு ரீப்பரில் 54. ஏழாவது ரீப்பர் கணு, வெடிப்பு, கை தவறி அறுத்தது இவற்றுக்கு. அதை மிச்சம் பிடிக்காதீர்கள். நான் மிச்சம் பிடித்து, இரண்டு கட்டைக்காகத் திரும்பக் கடைக்குப் போனேன். அந்த லோடு தீர்ந்து வேறு லோடு வந்திருந்தது, அகலமே வேறு.

மொத்தம் 49 அடி, கிட்டத்தட்ட ஒன்றரை கன அடி. கடைக்காரர் சொல்லும் கன அடி விலையை ஒன்றரையால் பெருக்கினால் மரச் செலவு தெரிந்துவிடும். இழைப்புக் கூலி தனி.

ஒரு விஷயம். ‘மூணுக்கு ஒன்றரை’ என்பது அறுத்த அளவு. மிஷினில் போட்டு இழைத்தால் அகலம் இரண்டே முக்காலாகவும் கனம் ஒன்றே காலாகவும் குறையலாம். அதனால் முதலில் இழைக்கக் கொடுத்து, கைக்கு வந்த பிறகு அகலத்தை அளந்து, அதை மூன்றால் பெருக்கி நீளத்தை முடிவு செய்யுங்கள். இரண்டே முக்கால் என்றால் எட்டேகால். முதலிலேயே 9 அங்குலம் வெட்டிவிட்டு அப்புறம் இழைக்கக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் எனக்குத் தெரியும். கட்டை அடுக்கினால் முனைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

எந்த மரம் நல்லது?

பைன். மிஷின் வரும் பெட்டிகளுக்குப் போடுகிறார்களே, அந்த வெளிர் மஞ்சள் மரம். லேசானது, ரம்பத்துக்கு எளிதில் அறுபடும், கால் மேல் விழுந்தாலும் உயிர் போகாது. ஒரு கட்டை சுமார் 330 கிராம், மொத்தச் செட் 18 கிலோ பக்கம் வரும்.

வேம்பு வீட்டிலேயே வெட்டிப் போட்டது இருக்கிறது என்றால் செய்யலாம். ஆனால் மொத்தம் 25 கிலோவைத் தாண்டும், ஓர் அரிசி மூட்டை. தேக்கில் செய்தால் அழகுதான். அந்தக் காசுக்கு ஒரு ஜன்னல் செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும். புளியங்கட்டை கறிக்கடைக்குத்தான் லாயக்கு, நம் ரம்பம் மழுங்கிவிடும். பனை நார் நாராகப் பிரியும், கையில் சிலாம்பு ஏறும். வேலிகாத்தானில் நேராக மூன்றடி கிடைத்தாலே அதிசயம்.

நம்ம பக்கம்தான் செம்மரம், சந்தனம் எல்லாம் உண்டே?

மச்சான் சிரித்துக்கொண்டே கேட்டது. சிரிப்போடு நிற்கட்டும். ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூர் அரசு டிப்போவுக்குப் போகிற சரக்கு. செம்மரமோ உரிய தாள் இல்லாமல் வீட்டில் இருந்தாலே வழக்கு. அதைவிட, செம்மரம் தண்ணீரில் போட்டால் முங்குகிற கனம். அந்தக் கோபுரம் சாய்ந்தால் ஆட்டம் முடிந்து ஆஸ்பத்திரி ஆரம்பிக்கும்.

பழைய பாலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகை சும்மாவே கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எந்தப் பாலட் என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பாலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை குத்தியிருக்கும். அதில் ‘எச்.டி.’ (HT) என்று இருந்தால் பூச்சி சாவதற்காகச் சூடேற்றியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, குழந்தைகள் கைக்கு வேண்டாம்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொரு சங்கடம் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் தொழில். அங்கே ரசாயன மூட்டை இறக்கிய பாலட்டும் பழைய சாமான் கடைக்கு வரும். பச்சையாகவோ நீலமாகவோ கறை இருந்தால், மூக்கருகே கொண்டுபோனால் நெடி அடித்தால், இலவசமாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். இழைத்தால் போய்விடும் என்பார்கள். இழைக்கும்போது அந்தத் தூள் நம் மூக்குக்குள்தானே போகிறது?

தவிர, பாலட் பலகை பெரும்பாலும் ஒன்றரை அங்குலக் கனம் இருக்காது. குறுக்குக் கட்டைகளில்தான் அந்தக் கனம் கிடைக்கும், அவற்றில் முழுக்க ஆணி.

கட்டை எல்லாம் இரண்டு வாரத்தில் வளைந்துவிட்டது. என்ன தப்பு?

ஈரம். என் முதல் செட்டின் கதையும் இதுதான். “நல்லாக் காஞ்ச மரம், தம்பி” என்று கடையில் சத்தியம் செய்யாத குறை. நானும் வாங்கி வந்து அன்றே அறுத்து, அழகாக இருக்கிறதே என்று மாடியில் சித்திரை வெயிலில் பரப்பினேன். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? நாலாம் நாள் முனைகளில் மயிரிழை வெடிப்பு. இரண்டாம் வாரம் ஒவ்வொரு கட்டையும் வாழைப்பழம் மாதிரி. தரையில் வைத்தால் தொட்டில் ஆடுகிறது. மரத்தின் முனையில் நீர் சீக்கிரம் போகும், நடுவில் மெதுவாகப் போகும். வெயிலில் போட்டால் இந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது, முனை சுருங்கி நடு சுருங்காமல் நிற்க, இழுபறியில் வெடிக்கிறது.

ரீப்பராக இருக்கும்போதே நிழலில் காய விடுங்கள். தரையில் படாமல், இரண்டு ரீப்பருக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சி வைத்து, நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி அடுக்க வேண்டும். காய்ந்ததா என்று அறிய மீட்டர் வாங்க வேண்டாம். ஒரு துண்டை வெட்டி அதே அடுக்கில் வைத்து, ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். என் மூன்றாவது செட்டில் முதல் வாரம் 412 கிராம் இருந்த துண்டு ஐந்தாவது வாரம் 341இல் வந்து நின்றது. அடுத்த வாரமும் 341. அப்போது ரம்பத்தை எடுத்தேன்.

54 கட்டையையும் ஒரே நீளத்தில் எப்படி அறுப்பது? ஒவ்வொன்றையும் அளந்து கோடு போட வேண்டுமா?

கோடு போடவே போடாதீர்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் பென்சில் முனையளவு தப்பு சேரும். ஒரு பலகையில் ரம்பம் ஓடுகிற இடத்திலிருந்து சரியாகக் கட்டையின் நீளம் (9 அங்குலமோ, இழைத்த பிறகு வந்த எட்டேகாலோ) தள்ளி ஒரு துண்டை ஆணி அடித்து நிறுத்துங்கள். ரீப்பரை அதில் முட்டும் வரை தள்ளு, அறு. மறுபடி தள்ளு, அறு. ஊரில் யாராவது முட்டுக்கட்டை போட்டால் திட்டுவோம். மரவேலையில் முட்டுக்கட்டை போட்டால்தான் வேலை ஓடும்.

முட்டுக்கட்டையின் அடியில் மரத்தூள் சேராமல் அடிக்கடி ஊதிவிடுங்கள். தூள் சேர்ந்தால் கட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வரும், நமக்குத் தெரியவே தெரியாது. முதல் கட்டையையும் கடைசிக் கட்டையையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

கை ரம்பத்தில் ஒரு நாள் வேலை. பட்டறையில் வட்ட ரம்பம் இருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம். மிஷின் பழக்கம் இல்லாதவர்கள் பட்டறையிலேயே அறுத்துக் கொள்ளுங்கள், விரலுக்கு ஸ்பேர் கிடையாது.

எல்லாக் கட்டையும் நூல் பிடித்த மாதிரி ஒரே அளவு. ஆனால் ஆடும்போது ஒரு கட்டையும் வெளியே வரவில்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டார். ரொம்ப நேர்த்தியான ஆள், வெர்னியர் வைத்து அளந்து செய்திருக்கிறார். அந்த நேர்த்திதான் வினை.

ஓர் அடுக்கில் மூன்று கட்டைகள். மூன்றும் மிகச் சரியாக ஒரே கனம் என்றால், மேலே இருக்கும் பாரத்தை மூன்றும் பங்கு போட்டுத் தாங்கும். எதை இழுத்தாலும் பாரம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டை மட்டும் ஒரு காகிதக் கனம் குறைவாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் இரண்டும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். இது சும்மா உட்கார்ந்திருக்கும். விரல் நுனியால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். கீழ் அடுக்கில் 17 கிலோ பாரம் இருந்தாலும் சரி, சும்மா இருக்கிற கட்டைக்கு அந்தப் பாரம் கிடையாது. ஆட்டமே இந்தச் சும்மா இருக்கிற கட்டையைக் கண்டுபிடிப்பதுதான். பெட்டியில் வரும் கட்டைகளிலும் இந்தச் சிறு வித்தியாசம் இருக்கிறது.

அதனால் நீளமும் அகலமும் துல்லியமாக இருக்கட்டும். கனத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். நான் செய்வது இது: மூன்றில் ஒரு கட்டையை எடுத்து, தரையில் விரித்த 80 நம்பர் உப்புத்தாள்மேல் அதன் அகன்ற பக்கத்தை வைத்து, நீளவாக்கில் பத்துப் பதினைந்து இழுப்பு கூடுதலாக இழுப்பேன். பிறகு மூன்று கட்டைகளைச் சமமான கண்ணாடிமேல் வைத்து மேலே ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி வெளிச்சத்தைப் பார்ப்பேன். ஒரு கட்டைக்கு மேலே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் போதும். நகம் நுழைகிற அளவு சந்து தெரிந்தால் அதிகம், அடுக்க அடுக்கக் கோபுரம் ஒரு பக்கம் சாயும்.

எது மெலிந்த கட்டை என்று அடையாளம் போட்டுவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா பென்சில் புள்ளியைக் கண்டுபிடித்து மூன்று ஆட்டம் ஜெயித்தார்.

உப்புத்தாள் எந்த நம்பர்? வார்னிஷ் அடிக்கலாமா?

80, அப்புறம் 120, கடைசியில் 220. பன்னிரண்டு விளிம்புகளையும் லேசாக உடைத்துவிட வேண்டும், கூர் இருந்தால் ஒவ்வொரு முறை விழும்போதும் சில்லு பெயரும். முனை வெட்டில் அதிக நேரம் தேயுங்கள், கை படுகிற இடம் அதுதான்.

வார்னிஷ் வேண்டாம். பளபளப்பாக இருக்கும், ஆனால் நம்ம ஊர்ச் சூட்டில் கட்டையும் கட்டையும் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். லின்சீட் ஆயில் தடவுவோர் உண்டு. தடவினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பித் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காய வைத்து அப்புறம் எறியுங்கள். நான் எதையும் தடவுவதில்லை. வெறும் மரம்தான் கைக்குச் சுகம்.

மொட்டை மாடியில் வைத்தால் தானாகவே சாய்கிறதே?

மாடித் தளத்தில் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நம் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ரசமட்டம் வைத்தால் உண்மை தெரியும். ஒரு சதுரப் பிளைவுட் துண்டைப் போட்டு, தாழ்ந்த பக்கம் ஆப்பு செருகி, ரசமட்டக் குமிழ் நடுவுக்கு வந்த பிறகு அடுக்குங்கள்.

சுற்றிலும் சாக்கோ பழைய பாயோ விரிக்க வேண்டும். 18 கிலோ மரம் தட்டோட்டின்மேல் விழுந்தால் ஓடு விரியும், அடுத்த மழையில் கீழ் வீட்டில் ஒழுகும். கீழ் வீட்டில் ஆள் தூங்குகிற நேரமும் வேண்டாம். இது அனுபவம், விவரம் சொல்ல மாட்டேன்.

ஆடி மாதம் வெளியே வைக்கவே வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் பாதி உருவிய கோபுரம் எம்மாத்திரம்?

பொங்கலுக்கு நன்றாக ஆடினோம். தீபாவளிக்கு எடுத்தால் இறுகிக் கிடக்கிறதே?

பாலாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் வந்துவிடும். மரம் அதை உறிஞ்சி அகலத்தில் பருக்கும், நீளத்தில் பருக்காது. ஒரு கட்டைக்கு அரை மில்லிமீட்டர் என்றாலும் மூன்று சேர்ந்தால் ஒன்றரை. சதுரம் சதுரமாக இருக்காது. அடுக்கும்போது கட்டைகளை நெருக்கித் தட்டாமல் தளர விடுங்கள். மெழுகுவர்த்தியை அகன்ற பக்கத்தில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தாலும் போதும். இரண்டு இழுப்பு இழுத்தால் கோபுரம் பனிக்கட்டிமேல் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

விதிகளில் ஏதாவது மாற்றம் உண்டா? சின்னப் பிள்ளைகள் ஆடலாமா?

ஒரு நேரத்தில் ஒரு கைதான். முழுதாக முடிந்திருக்கும் மேல் அடுக்கில் கை வைக்கக் கூடாது. வைத்த பிறகு பத்து எண்ணும் வரை நின்றால்தான் அடுத்தவர் முறை. பெரிய கட்டை என்பதால் பத்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இரண்டு கையும் அனுமதிக்கிறோம். செருப்பு அல்ல, ஷூ. தவழுகிற, தத்தி நடக்கிற குழந்தைகளை யாராவது தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கோபுரம் அவர்கள் உயரத்துக்குத்தான் சாய்கிறது.

எங்கள் வீட்டில் பத்துக் கட்டைகளில் மட்டும் அடிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறோம். உருவினால் ‘ஓடுற நரியிலே ஒரு நரி கிழநரி’ மூன்று தடவை தடுமாறாமல் சொல்ல வேண்டும், ஒரு விடுகதை போட வேண்டும், இப்படி. சொல்லிக்கொண்டே கட்டையை மேலே வைக்க வேண்டும் என்று அத்தை ஒரு விதி சேர்த்தார். அதில்தான் பாதி ஆட்டங்கள் முடிகின்றன.

செய்து வாடகைக்கு விடலாமா? வரவேற்பு மண்டபங்களில் கேட்கிறார்களாம்.

விடலாம். ஆனால் ‘ஜெங்கா’ என்று பலகை எழுதாதீர்கள், அது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். கட்டைக் கோபுரம் என்றே எழுதுங்கள். மண்டபத்தில் டைல்ஸ் தரை, கீழே தடிமனான பாய் போடாவிட்டால் வாடகைக் காசு டைல்ஸுக்குப் போகும்.

ஆட்டம் முடிந்தபின் திரும்ப அடுக்குவதுதான் பெரிய தொல்லை. வழி உண்டா?

பிளைவுட்டில் 30 அங்குல உயரப் பலகை இரண்டை எடுத்து ‘ட’ போல ஒரு மூலையாக ஆணி அடியுங்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதற்குள் கட்டைகளை ஒட்டி அடுக்கிவிட்டு மூலையை மெதுவாக இழுத்துவிட்டால் கோபுரம் நேராக நிற்கும், ஐந்து நிமிட வேலை. வீட்டுக்குள் வைக்கும்போது பரண்மேல், சுவரைத் தொடாமல், பால் கிரேட்டில் போட்டு வையுங்கள். தரையோடு சாக்கில் கட்டிப் போட்டால் கரையான் நம்மை முந்திக்கொண்டு கட்டை உருவ ஆரம்பிக்கும்.

யார் அடுக்குவது என்பதற்கு எங்கள் வீட்டில் சண்டை வந்து தீர்ந்துவிட்டது. சாய்த்தவர்தான் அடுக்க வேண்டும். சித்தப்பா மட்டும் முட்டி வலி என்று இன்றுவரை தப்பித்துக்கொண்டிருக்கிறார்.